கடம்பெறிந்த போரும் கடற்கொள்ளை என்னும் வழக்கும்

சேரர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனின் கடற்போர் பற்றி ஒரே கருத்தை வழிவழியாகக் கூறி வருகின்றனர். மேலைக் கடலில் ஒரு தீவினை அரணாகக் கொண்டு, முசிறிக்கு வரும் யவனர் கலங்களைக் கொள்ளையிட்டு வாழ்ந்த கடம்பர் என்னும் கடற்கொள்ளைக் கூட்டத்தாரை அவன் அடக்கினான். அவர்தம் காவல்மரமாகிய கடம்பை வெட்டி முரசு செய்துகொண்டான். அதனால் மேலை வாணிகம் இடையூறின்றி நடைபெறலாயிற்று என்பது அக்கருத்து. படிப்பதற்கு இனிமையும் ஒழுங்கும் உடைய கதையே. ஆயினும் இக்கதையில் பாடல்கள் தருவது எவ்வளவு, பின்வந்தோர் கூட்டியது எவ்வளவு என்பதைப் பிரித்துக் காண வேண்டிய கடமை இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கு உண்டு.

இஃது ஒரு சொல்லைப் பற்றிய சிறு வழக்குத்தானே எனச் சிலர் கருதக்கூடும். அவ்வாறு அன்று. போர், அமைதி ஆக்கம், கடற்கொள்ளை ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் துறை இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்துள்ளது. ஒருவனைப் 'பகைவன்' என்பதற்கும் 'கொள்ளையன்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு அத்துறையின் தலையாய சிக்கல்களுள் ஒன்று. பகைவனோடு உடன்படிக்கை செய்யலாம். கொள்ளையனோடு செய்ய இயலாது. ஆகலின் கடம்பெறிந்த போரில் தோற்றவர்க்கு நாம் எப்பெயர் இடுகிறோம் என்பது, அப்போர் எவ்வாறு முடிந்தது என நாம் பாட்டிலிருந்து அறியக்கூடியதையே மாற்றிவிடுகிறது.

முதற்கண் பாடல்களை நோக்குவோம். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் நான்கு பாட்டுகளில் இப்போரைக் குறிப்பிடுகிறார். பதினோராம் பாட்டு அதனை விரிவாக உவமித்துக் கூறுகிறது. கடலின் நடுவே அவுணர்க்குக் காவலாக நின்ற சூரனின் மரத்தை வெட்டிவிட்டு யானைமீது வரும் முருகவேளைப் போலச் சேரலாதன் வருகிறான். அவன் வெட்டிய கடம்போ பலர் கூடிக் காத்து நின்ற மரம் எனப்படுகிறது. பன்னிரண்டாம் பாட்டில், வீரர் வீழவும் அரசு தலைநடுங்கவும் கடம்பு தடியப்பட்டது என்கிறார். பதினேழாம் பாட்டில் அம்மரத்தால் இயன்ற முரசு முழங்குகிறது. இருபதாம் பாட்டில் கடலிடைப்பட்ட ஒரு துருத்தியில் முரணி நின்றாரிடம் சென்று கடம்பைத் தடிந்தான் எனப்படுகிறது. அகநானூற்றில் மாமூலனார் இருமுறை இச்செய்தியை எடுத்தாள்கிறார். 127ஆம் பாட்டில் கடம்பறுத்ததும், இமயத்தில் வில் பொறித்ததும், மாந்தை முற்றத்தில் ஒன்னார் தந்த திறை குவிந்ததும் அடுத்தடுத்து வருகின்றன. 347ஆம் பாட்டிலோ கடம்பு முரசின் ஒலி, ஊரார் தூற்றும் அலருக்கு உவமையாகிவிடுகிறது. சிலப்பதிகாரமும் சேரர் குடிப்பெருமை கூறுமிடத்துக் கடம்பெறிந்ததைப் பாராட்டுகிறது.

இவ்விடங்கள் அனைத்தையும் ஒருங்கு வைத்து நோக்கின் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒன்று, கடம்பு என்னும் மரப்பெயர் உண்டே அன்றிக் கடம்பர் என்னும் குடிப்பெயர் இங்கு யாண்டும் இல்லை. மரத்தைக் காத்தோர் 'முரணியோர்' எனப்படுகின்றனர். அச்சொல் மாறுபட்டு எதிர்நின்றோர் என்ற பொருளன்றி வேறு பொருள் தாராது. இரண்டு, யவனர் கலமோ வேறு எவர் கலமோ அவர்களால் சூறையாடப்பட்டதாக ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவதே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது: பன்னிரண்டாம் பாட்டில் நடுங்கியது 'அரசு' என்று கூறப்படுகிறது. அவ்வரசு இடம் கவரும் சுற்றத்தை உடையது என்றும் அடைமொழி பெறுகிறது. கொள்ளைக் கருத்தை நிலைநாட்ட விரும்புவார்க்கு இவ்வடைமொழி ஒன்றே பற்றுக்கோடாகும். ஆயின் கவரப்பட்டதாகப் புலவர் கூறுவது இடத்தையே, பொருளை அன்று. இடம் கவர்தல் வேந்தர் அனைவரும் செய்த தொழில். சேரலாதனே அத்தொழிலில் வல்லவன்.

கொள்ளையரைக் குறிக்கும் சொற்கள் அக்காலப் புலவர்க்கு இல்லாமற் போயினவோ எனில், அதுவும் இல்லை. பாலைத்திணைப் பாடல்கள் ஆறலை கள்வரால் நிறைந்துள்ளன. வழிச்செல்வோரை அம்பெய்து வீழ்த்துவோரும், கொல்லப்பட்டார் உடலை இலை தழைகளால் மூடிய குவியல்களும் அப்பாடல்களில் பன்முறை காட்டப்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படை, வழிப்போவாரை அலறத் தாக்கிக் கைப்பொருள் பறிக்கும் கொடியோர் இளந்திரையன் நாட்டில் இல்லை எனக் கூறி அவனைப் புகழ்கிறது. கள்வரை ஒழித்தல் ஒரு மன்னனுக்குப் புகழாகும் என்பதையும், அப்புகழை எச்சொற்களால் பாட வேண்டும் என்பதையும் புலவர் நன்கு அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். இமயவரம்பன் உண்மையாகவே கடற்கள்வரை ஒழித்திருந்தால், அவனைப் பத்துப் பாட்டாற் பாடிய கண்ணனார் அதனைச் சொல்லாது விடுத்தார் என்பது நம்பத்தகுவதன்று.

மற்றொரு சான்றும் உண்டு. ஐந்தாம் பத்தில் பரணர், செங்குட்டுவன் மோகூர் மன்னனாகிய பழையனை வென்று, அவனது காவல்மரமாகிய வேம்பை வெட்டி முரசு செய்ததைப் பாடுகிறார். காவல்மரத்தை வெட்டுதல், வெட்டிய மரத்தால் முரசு செய்தல் என இரு நிகழ்ச்சிகளும் ஒரே வகையின. நன்னனின் மாமரம் வெட்டப்பட்ட செய்தியையும் குறுந்தொகை அறியும். பழையனையோ நன்னனையோ கொள்ளைக் கூட்டத் தலைவன் என எவரும் எழுதியதில்லை. வேம்பு நிலத்தில் நின்றது. கடம்பு நீரால் சூழப்பட்ட நிலத்தில் நின்றது. இவ்வேறுபாடு ஒன்றே ஒருவனை மன்னன் ஆக்கவும் மற்றொருவனைக் கொள்ளையன் ஆக்கவும் போதுமாயிற்றுப் போலும். காவல்மரம் உடைமை அரசுடைமையின் அடையாளம். அதனை வெட்டுவோன், தான் வெட்டுவது ஓர் அரசின் அடையாளத்தை என்பதை ஏற்றுக்கொண்டே வெட்டுகிறான். வழிப்பறிக் கூட்டத்தின் மரத்தை வெட்டி அதனால் முரசு செய்து வழிபடுவதில் எவ்வேந்தனுக்கும் பெருமை இராது.

இனி, கொள்ளைக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். அது கிரேக்க உரோம நூல்களிலிருந்து வந்தது. கி.பி. 77இல் தம் இயற்கை வரலாற்றை முடித்த பிளினி, முசிறி விரும்பத்தக்க துறை அன்று என்றும், நித்திரியாசு என்னும் இடத்திலுள்ள கடற்கொள்ளையர் அதற்கு அண்மையில் இருக்கின்றனர் என்றும், இக்கடலில் செல்லும் கலங்கள் வில்வீரரை ஏற்றிச்சென்றன என்றும் கூறுகிறார். ஏறத்தாழ அதே நூற்றாண்டில் எழுந்த செங்கடற் செலவு நூலாகிய பெரிப்ளூசு, தமிழகத் துறைகளுக்கு வடக்கே சில தீவுகளை அடுத்துக் கொள்ளையர் உளர் என்கிறது. அடுத்த நூற்றாண்டினராகிய தாலமி, மேலைக் கரையில் ஒரு பகுதிக்கே கொள்ளையர் நாடு எனப் பெயரிடுகிறார். பதிற்றுப்பத்தை உ. வே. சாமிநாதையர் 1904இல் பழைய உரையுடன் பதிப்பித்த பின்னர், பாட்டில் வரும் துருத்தியும் பிளினியின் கொள்ளையரும் வரலாற்று நூல்களில் எளிதில் இணைந்துவிட்டனர். இரண்டும் மேலைக் கடலைச் சார்ந்தவை. இரண்டும் காலத்தால் மிகத் தொலைவில் இல்லை. இணைப்பு இயல்பானதே. இயல்பாயிருத்தல் மட்டும் சான்றாகாது என்பதே நாம் கூறுவது.

இச்சாட்சிகளைச் சிறிது குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். பிளினி முசிறியைப் பற்றிக் குறைகூறும் அதே இடத்தில், அத்துறை சரக்குவளம் உடையது அன்று எனவும் கூறுகிறார். பெரிப்ளூசோ முசிறி கலங்களால் நிறைந்து செழித்திருந்தது என்கிறது. அகநானூற்று 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், யவனர் கலம் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் வளமுடைய ஊர் என அதனைக் காட்டுகிறார். பிளினி கூற்றின் ஒரு பகுதியை இவ்விரு சான்றுகளும் மறுக்கும்போது, மற்றப் பகுதியைத் தனியே எடுத்துத் தமிழ்ப் பாட்டிற்கு உரையாக வைப்பது முறையன்று. தாலமியின் குறிப்பு இன்னும் வியப்பானது. கொள்ளையர் நாட்டில் ஒரு வாணிகத் துறையையும், உள்நாட்டில் ஒரு தலைநகரத்தையும் அவர் வைக்கிறார். தலைநகரும் அங்காடித் துறையும் உடைய கூட்டத்தைக் கொள்ளையர் என்பதா, அரசு என்பதா? தொலைவில் இருந்து மாலுமிகளின் சொல்லைக் கேட்டு எழுதியவர் தாலமி. அம்மாலுமிகள் தம் சரக்கை இழந்தவர்கள். இழந்தவனுக்கு எடுத்தவன் கொள்ளையனே.

கல்யாணத் துறை பற்றிப் பெரிப்ளூசு தரும் செய்தி இதனை நன்கு விளக்கும். அத்துறை ஒரு மன்னன் கைக்குச் சென்றபின் வாணிகம் தடைப்பட்டது என்றும், தற்செயலாக அங்குச் செல்லும் கிரேக்கக் கலங்கள் காவலுடன் பாரிகாசாவுக்குக் கொண்டுபோகப்பட்டன என்றும் அந்நூல் கூறுகிறது. கலத்தை வழிமறித்துத் தன் துறைக்குக் கொண்டுபோதல் இங்கு மன்னன் செயலாகவே கூறப்படுகிறது.

நம் மன்னரிடமே வருவோம். புறநானூற்று 126ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார் மலையமானைப் பாடுங்கால், கபிலர் பாடியபின் பிறர் பாட இடமில்லை என்பதற்கு ஓர் உவமை கூறுகிறார். குடகடலில் சேரனின் பொன் கொணரும் நாவாய் செல்லும் வழியில் பிற கலம் செல்லாது என்பது அவ்வுவமை. உவமை யாவரும் அறிந்த பொருளாலேயே கூறப்படும். ஆகலின் சேரன் கடல்வழியைத் தனக்கே உரியதாக்கிப் பிறரை விலக்கியிருந்தான் என்பது அக்காலத்தார் அறிந்த உண்மை எனலாம். அவ்வாறு விலக்கப்பட்ட 'பிற கலம்' எவருடையது? அக்கலத்தின் தலைவன் ஒரு பாட்டுப் பாடியிருந்தால் அதில் சேரனுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும்? இரண்டாம் பத்தின் பதிகம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. சேரலாதன் யவனரைப் பிணித்து, தலையில் நெய் பெய்து, கைகளைப் பின்னே கட்டி, அவர்தம் விலையுயர்ந்த கலன்களையும் வயிரத்தையும் கைக்கொண்டான் என்கிறது. பதிகம் பாடல்களுக்குப் பிற்பட்டது. அதனை அளவோடே நம்ப வேண்டும். எனினும் ஒன்றைக் கவனித்தல் தகும். பதிகம் கடம்பைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. யவனரைப் பிணித்ததை மட்டும் கூறுகிறது. மரபுக்கதையில் யவனரைக் காத்தவனாகக் காட்டப்படும் மன்னனைப் பதிகம் யவனர் பொருளைக் கவர்ந்தவனாகக் காட்டுகிறது. இம்முரண்பாட்டைக் கொள்ளைக் கருத்தினர் எவ்வாறு தீர்ப்பர் என்பது நமக்கு விளங்கவில்லை. முசிறியைப் பாண்டியன் வளைத்து அங்கிருந்து படிமத்தைக் கவர்ந்ததையும் மேற்கூறிய அகப்பாட்டே புகழாகப் பாடுகிறது.

செங்குட்டுவனைக் கடல் பிறக்கோட்டியவன் எனக் கூறுவதற்கும் இவ்வாறே கொள்ளையரை ஓட்டினான் என உரை கூறப்பட்டுள்ளது. அகநானூற்று 212ஆம் பாட்டில் பரணர் கூறுவதோ வேறு. தன்னோடு பொருதற்குரிய பகை பெறாமையால் சினம் மிக்குக் கடலையே முற்றி வேலால் ஓட்டினான் என்கிறார். பகைவர் எவரும் இல்லை எனப் புலவர் வெளிப்படையாகக் கூறிய இடத்தில் கொள்ளையரைக் கொண்டுவந்து நிறுத்தியது உரையாசிரியர் கைவண்ணமே. இதனை இவ்வளவில் நிறுத்துவோம்.

செயல் ஒன்றே ஆயினும் ஆணையால் அது வேறுபடும் என்னும் கருத்துத் தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. தொல்காப்பியர் வெட்சியைக் கூறுங்கால், வேந்தனால் விடுக்கப்பட்ட வீரர் களவினால் ஆநிரை கொணர்தலை அத்திணையின் தொழிலாக வைக்கிறார். களவு என்ற சொல்லையே வழங்குகிறார். ஆயினும் அது குற்றமன்று, திணை. புறப்பொருள் வெண்பாமாலை இதனை மேலும் பகுத்து, மன்னன் ஏவச் செய்வதனை மன்னுறு தொழில் என்றும், தானே சென்று செய்வதனைத் தன்னுறு தொழில் என்றும் இரண்டாக்குகிறது. இப்பகுப்பை இக்காலக் கடற்சட்டத்தோடு ஒப்பிடின் வியப்பே தோன்றும். 1958இல் செனீவாவில் உருவான பெருங்கடல் உடன்படிக்கையும், அதன்பின் 1982இல் உருவாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையும், தனியார் கலத்தில் இருப்போர் தம் சொந்த நோக்கத்திற்காகப் பெருங்கடலில் பிறர் கலத்தின்மீது செய்யும் வன்செயலையே கடற்கொள்ளை என வரையறுக்கின்றன. 2022இல் இந்தியா இயற்றிய கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டமும் இவ்வரையறையைத் தழுவியதே. தன்னுறு தொழில் கொள்ளை; மன்னுறு தொழில் போர். ஆயின் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. ஏவியவன் மன்னனா அல்லனா என்பதைத் தீர்மானிப்பவர் எவர்?

பாரசீக வளைகுடாவின் வரலாறு இக்கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அவ்வளைகுடாவின் தென்கரையைக் கொள்ளையர் கரை என அழைத்தனர். 1819இன் இறுதியில் அவர்கள் அனுப்பிய படை, காசிமி குடியினரின் துறையாகிய இராசல் கைமாவைத் தாக்கி அழித்தது. 1820இல் அக்கரையின் தலைவரோடு ஒரு பொது உடன்படிக்கை செய்யப்பட்டது. அவ்வுடன்படிக்கை கொள்ளையையும் போரையும் வேறுபடுத்தி, ஓர் அரசு மற்றோர் அரசின்மீது வெளிப்படையாக அறிவித்து ஏவியதே போர் என வரையறுக்கிறது. இதில் உள்ள நகை நம் கருத்திற்குரியது. கொள்ளையர் எனப்பட்டவரே அரசினர் என்ற முறையில் கையொப்பமிட்டனர். அன்றேல் அவர்தம் கையொப்பத்திற்குப் பயனில்லை. 1853இல் நிலையான கடலமைதி உடன்படிக்கை ஏற்பட்டபின் அக்கரை உடன்படிக்கைக் கரை என்றே ஆங்கில ஆவணங்களில் பெயர் பெற்றது. கரை மாறவில்லை, குடிகளும் மாறவில்லை.

இக்கரையைப் பற்றிய ஆராய்ச்சியும் ஒரு வழக்காடலாகவே அமைந்துள்ளது. காசிமி குடியில் தோன்றியவரும் ஷார்ஜாவின் ஆட்சியாளருமாகிய சுல்தான் பின் முகம்மது அல் காசிமி, 1986இல் வெளியான தம் ஆராய்ச்சி நூலில், அரபுக் கடற்கொள்ளை என்பது கிழக்கிந்தியக் கும்பினியார் தம் வாணிக நலன் கருதிப் புனைந்த கதை என வாதிட்டார். சார்லசு டேவிசு 1997இல் வெளியிட்ட நூலில் அம்முடிவை முழுமையாக ஏற்காது, இருதரப்புச் சான்றுகளையும் எடைபோட்டு இடைப்பட்டதொரு நிலையை நாடினார். முன்னவர் தம் முன்னோர்க்காக வழக்காடுகிறார் என்பதை மறத்தல் கூடாது. ஆயினும் கும்பினியின் ஆவணக்காப்பகத்தையே எதிர்சாட்சியாக்கிய அவரது முறை நாம் கற்கத்தக்கது. தமிழ்ப் பாடல்களும் வென்றவன் அவையில் பாடப்பட்டவையே. குமட்டூர்க் கண்ணனார் உம்பற்காட்டில் ஐந்நூறு ஊரும், முப்பத்தெட்டு ஆண்டு தென்னாட்டு வருவாயில் பங்கும் பெற்றார் எனப் பதிகத்தின் பின்னுள்ள குறிப்புக் கூறும். அத்தகைய புலவரே பகைவரைக் கொள்ளையர் என்னாதபோது, பரிசில் ஒன்றும் பெறாத நாம் ஏன் அவ்வாறு கூற வேண்டும்?

சேரனின் நாவாய் பிற கலங்களை விலக்கிய அதே மேலைக் கடலில், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அனுமதிச்சீட்டு இன்றிச் செல்லும் கலங்களைக் கைப்பற்றினர். அச்சீட்டைக் கர்த்தாசு என்பர். அதனை ஏற்காது எதிர்த்துப் பொருத குஞ்ஞாலி மரக்காயர், கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர். சாமூதிரிக்கு அவர் படைத்தலைவர், போர்த்துகீசியர்க்குக் கொள்ளையர். இவ்வழக்கில் எதிர்தரப்பின் குரலும் நமக்குக் கிடைத்துள்ளது. சைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய துக்பத்துல் முசாகிதீன் என்னும் நூல் அக்காலத்துப் போரை மலையாளக் கரையார் பக்கத்திலிருந்து கூறுகிறது. நான்காம் குஞ்ஞாலி பின்னாளில் சாமூதிரியோடு பகைத்து, 1600இல் உயிர்ப் பிச்சை உறுதியின்மேல் சரணடைந்தார். போர்த்துகீசியர் அவரைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றனர்.

இக்கொலைக்கு அறநூல் ஒன்று முன்னரே இடம் தந்திருந்தது. கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் என்னும் நூல், கடற்கொள்ளையனுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்கிறது. அவன் முறையான பகைவன் அல்லன், அனைவர்க்கும் பொதுவான பகைவன். ஆகவே அவனுக்குச் செய்த சூளுரை சூளுரையன்று என்பது அவர் வாதம். கொள்ளையன் என்ற சொல்லின் உண்மையான வலிமை இங்கேதான் உள்ளது. அது பழிச்சொல் மட்டும் அன்று. பேச்சுவார்த்தையின் வாயிலை அடைக்கும் தாழ்ப்பாள்.

இவ்வாறு கூறுவதால் கடலில் கொள்ளையே நிகழவில்லை என்றோ, கொள்ளையர் எல்லாம் வீரர் என்றோ நாம் வாதிடுவதாகக் கொள்ளற்க. சோமாலியக் கரையில் 1991இல் அரசு வீழ்ந்தபின் நிகழ்ந்தவற்றை ஆராய்ந்தோர் சிலர் இவ்வெல்லையைக் கடந்துவிட்டனர். அயல்நாட்டு மீன்பிடிக் கலங்கள் அக்கடலைச் சூறையாடின என்பதும், கலம் பிடித்த கூட்டத்தார் சிலர் தம்மைக் கடற்காவலர் என அழைத்துக்கொண்டனர் என்பதும் மெய்யே. ஆயின் மாதக்கணக்கில் பிணையாக வைக்கப்பட்ட மாலுமி மீன் திருடியவன் அல்லன். அவன் பெரும்பாலும் ஏழை நாடுகளிலிருந்து கூலிக்கு வந்தவன். 2008இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அயற்படைகள் அக்கடலெல்லைக்குள் நுழைய இசைவளித்தது. 2012 முதல் தாக்குதல்கள் பெரிதும் குறைந்தன. எனினும் 2023இன் இறுதியில் அவை மீண்டும் தலைதூக்கின. அவ்வாண்டு திசம்பரில் பிடிக்கப்பட்ட உரூவென் என்னும் கலத்தை 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை மீட்டபோது 17 மாலுமிகள் உயிர்தப்பினர், 35 பேர் சரணடைந்தனர். போர்க்கலங்களால் கொள்ளையை அடக்கலாம், கரையில் அரசு அமையாதவரை அது வேரறாது எனப் பல ஆய்வாளர் கூறியதை இந்நிகழ்ச்சி வலியுறுத்துகிறது. சோமாலியக் கூட்டத்தார்க்குக் காவல்மரம் இல்லை. திறை தரும் ஆற்றலும் இல்லை. கடம்பு காத்தோரை அவர்களோடு ஒப்பிடுதல் இரு சாராரையும் தவறாக அறிவதாகும்.

இனிப் பதினேழாம் பாட்டிற்கு மீள்வோம். கொள்ளைக் கருத்தால் மிகுதியும் மறைக்கப்பட்ட பாட்டு அதுவே. அப்பாட்டின் தொடக்கத்தில் புலவர், பகைவர் பெரும்பிழை செய்தவராயினும் பணிந்து திறை தரின் நீ ஏற்றுக்கொள்கிறாய். ஆதலின் உனக்கு ஒப்பாவார் இலர் என்கிறார். அதனை அடுத்தே கடம்பு முரசு வருகிறது. அம்முரசை இயவர் பலியிட்டு வழிபட்டு அறைகின்றனர். அறைந்து அவர் கூறுவது யாது? அரண் காணாது திசையெங்கும் தேடி அலையும் மக்கள் எல்லாம் இந்நிழலுக்கு வருக என்பதே. வெண்கொற்றக்குடையின் நிழலை அவர் சுட்டுகின்றனர். முரசோ பகைவர் மரத்தால் ஆனது; ஒருகாலத்தில் நிழல் தந்த மரமும் அதுவே. நிழலிழந்தோர் எவரெவர் என்பதைப் பாட்டுக் கூறவில்லை. கடம்பை இழந்தோரும் அவ்வழைப்பைக் கேட்டிருத்தல் கூடும் எனக் கொள்வதற்குப் பாட்டின் அமைப்பு இடந்தருகிறது. பிழைத்தவரும் பணிந்தால் ஏற்கப்படுவர் என்னும் செய்தி அதற்கு முன்னரே கூறப்பட்டமையால் இவ்வாறு கொள்ளுதல் வலிந்து பொருள் கொள்ளுதல் ஆகாது.

அகநானூற்று 127ஆம் பாட்டில் மாந்தை முற்றத்தில் குவிந்த திறைப்பொருளையும் இங்கு நினைவுகூர வேண்டும். பொன்னாற் செய்த பாவையும் வயிரமும் அங்குக் குவிந்தன. ஒன்னார் எவர் என மாமூலனார் பெயர் சுட்டவில்லை. இமயமும் உடன் கூறப்படுவதால் அவரைக் கடம்பு காத்தோர் என்றே துணிய இயலாது. ஆயின் ஒன்று துணியலாம். திறை என்பது பறிமுதல் அன்று. கொள்ளையனிடம் கிடைத்தது மீட்கப்பட்ட பொருள். பகைவேந்தன் தந்தது திறை. திறை தருவோன் தன் நாட்டில் தொடர்ந்து இருப்பான். அடுத்த ஆண்டும் திறை தருவான். சங்க காலத்தில் போர் முடிந்து அமைதி தொடங்குவதற்குரிய சொல் அதுவே.

அவ்வமைதி தோற்றவன் தலைகுனிந்து பெறும் அமைதி என்பதையும் மறைத்தல் ஆகாது. இதனினும் உயர்ந்த சந்து செய்தல் உண்டு என்பதைக் கோவூர் கிழார் காட்டினார். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது அவர் இருவரையும் நோக்கி, உங்களில் எவரும் பனம்பூவோ வேப்பம்பூவோ சூடவில்லை, இருவர் கண்ணியும் ஆத்தியே, எவர் தோற்பினும் தோற்பது உம் குடியே என்றார். உளவறிய வந்தவன் எனக் கருதி இளந்தத்தன் என்னும் புலவனை நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோதும், கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானையால் மிதிப்பிக்க இருந்தபோதும் தடுத்து நின்றவர் அவரே. அவர் கையாண்ட முறையைக் கூர்ந்து நோக்குக. எதிரியின் கண்ணியைச் சுட்டிக்காட்டி அவனும் உன்னைப் போன்றவனே எனக் காட்டுதலே அவரது சந்தின் முதற்படி. சோழர் இருவர்க்கும் ஆத்தி பொதுவாயிருந்தமையால் அது எளிதாயிற்று. சேரனுக்குப் பனை, எதிர்நின்றோர்க்குக் கடம்பு. அங்குச் சென்று பேசக் கோவூர் கிழார் ஒருவர் இல்லை. ஆயினும் எதிரியிடமும் ஒரு மரம் உண்டு, அது பலர் கூடிக் காத்த மரம் என்பதைக் கண்ணனார் மறைக்காது பாடினார். வென்றவன் புலவர் செய்யக்கூடிய சிறிய நேர்மை அது.

ஆகவே இரண்டாம் பத்திற்கு இனி உரையோ குறிப்போ எழுதுவோர், துருத்தியில் முரணி நின்றோர் என்ற இடத்தில் கடற்கொள்ளையர் என எழுதுதலை விடுக்க வேண்டும் என வேண்டுகிறோம். பிளினியின் நித்திரியாசையும் தாலமியின் கொள்ளையர் நாட்டையும் குறிப்புரையில் தனியே தரலாம். அவை யவனர் மாலுமியின் சாட்சியங்கள் என அறிமுகம் செய்யலாம். கொங்கணக் கரையை அடுத்த தீவுகளில் அகழாய்வு விரிவடையின் துருத்தி எது என்பதற்கு ஏதேனும் தடயம் கிடைத்தல் கூடும். தலைகுண்டாக் கல்வெட்டில் தம் மனையருகே நின்ற கடம்ப மரத்தால் பெயர் பெற்றதாகக் கூறிக்கொள்ளும் வனவாசிக் கடம்ப மன்னர்க்கும் இவர்க்கும் தொடர்பு உண்டா என்பது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள். மாணவர் பதினேழாம் பாட்டைப் படிக்குங்கால் திறை என்னும் சொல்லில் சிறிது நின்று, அதன்பின் முரசுக்குச் செல்வாராக.